அலைக்கு வேலி: கும்மிடிப்பூண்டியிலிருந்து செல்போன் வலையைப் பார்த்தால்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. நடுவில் மாநில எல்லை. தேசிய நெடுஞ்சாலை 16-ல் எளாவூர் சோதனைச்சாவடியில் லாரிகள் நிற்கும். செல்போன் அலை நிற்காது. தமிழ்நாட்டு மண்ணில், சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் போனுக்கு ‘ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது’ என்று குறுஞ்செய்தி வருவது இந்தப் பக்கத்து ஊர்களில் பழைய கதை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் செல்போன் வலையை வடிவமைப்பவர்களின் தொழில்முறைத் தலைவலி முழுவதும் அந்தக் குறுஞ்செய்திக்குள் இருக்கிறது.

அலை எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான் பொதுவாக மக்கள் கேட்கும் கேள்வி. வடிவமைப்பாளரைக் கேட்டால், எட்ட வைப்பது ஒரு பிரச்சினையே இல்லை என்பார். டவரை உயர்த்து, சக்தியைக் கூட்டு, முடிந்தது. எட்டிய அலையைச் சொன்ன இடத்தில் நிற்க வைப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் என்று நீளும் இந்தத் துண்டு நிலம், அலையை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று காட்டுவதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. தட்டையான கடலோரச் சமவெளி, பக்கத்தில் பழவேற்காடு ஏரி, நடுவில் தகரக் கூரை போட்ட சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள், ஊடே சென்னை-கூடூர் ரயில் பாதை, தலைமாட்டில் மாநில எல்லை.

செல் என்ற யோசனை வருமுன் முறை எளிமையாக இருந்தது. ஊரில் உயரமான கட்டடத்தின் உச்சியில் ஒரே ஒரு பெரிய ஒலிபரப்பி. 1976-ல் நியூயார்க் வட்டாரம் முழுமைக்கும் பெல் நிறுவனத்திடம் இருந்த தடங்கள் 12. சந்தாதாரர்கள் 543 பேர். காத்திருப்புப் பட்டியலில் 3,700 பேருக்கு மேல். காசில்லாமல் வந்த பஞ்சம் அல்ல இது. நகரின் ஒரு கோடியில் ஒருவர் ஒரு தடத்தில் பேசினால், மறுகோடியில் இன்னொருவர் அதைத் தொட முடியாது. அலை நகரம் முழுக்கப் பரவிக் கிடந்ததே காரணம்.

இதற்கான மருந்தை பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் 1947 டிசம்பரிலேயே ஓர் உள்குறிப்பில் எழுதிவிட்டார். பெரிய ஒலிபரப்பி ஒன்றுக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பல. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் மட்டும். கொஞ்ச தூரம் தள்ளி அதே அலைவரிசையை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நகர்ந்துகொண்டே பேசுபவரை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குக் கைமாற்ற வேண்டுமே, அதற்கான கணினி வருவதற்குள் முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. டோக்கியோவில் 1979, சிகாகோவில் 1983 அக்டோபர், இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த சுக் ராமிடம் பேசிய முதல் அழைப்பு. சென்னையின் முதல் இரு நிறுவனங்கள் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார். வந்த அழைப்பை எடுத்தாலும் காசு என்ற அந்தக் காலத்தை நாற்பது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆடி மாதத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு அம்மன் கோயில்களில் ரேடியோ செட் கட்டினால் என்ன ஆகும்? இரண்டு தெருவுக்கும் நடுவில் இருப்பவனுக்கு எந்தப் பாட்டும் விளங்காது. நாலு தெரு தள்ளிக் கட்டியிருந்தால் தொந்தரவில்லை. செல்போன் வலையின் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தும் இரண்டு செல்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதே கேள்வி. தரையை அறுகோணங்களாகப் பிரித்து, கைவசமுள்ள அலைவரிசைகளை ஏழு செல்களுக்குப் பங்கிட்டால், ஒரே அலைவரிசைக் கூட்டாளிகளுக்கு இடையிலான தூரம் செல்லின் ஆரத்தைப்போல 4.6 மடங்கு வரும். ஊர்ப்புறத்தில் அலையின் வலிமை ஏறக்குறைய தூரத்தின் நான்காம் மடிக்குத் தேய்கிறது. சுற்றிலும் ஆறு கூட்டாளிகள் இரைச்சல் போடுவதாக வைத்துக்கொண்டால், செல்லின் விளிம்பில் நிற்பவருக்குத் தன் டவரின் குரல் மொத்த இரைச்சலைவிட 73 மடங்கு உரக்கக் கேட்கும். பழைய அனலாக் போனுக்கு 63 மடங்கு தேவைப்பட்டது. ஆகவே ஏழு.

டிஜிட்டல் ஜி.எஸ்.எம். போனுக்கு 8 மடங்கு இருந்தாலே போதும். நான்கு செல்களுக்குப் பங்கிட்டால் 24 மடங்கு கிடைக்கும். மூன்றுக்கு என்றால் 13.5. மீதியை மரம், சுவர், கையால் ஆன்டெனாவை மறைப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒதுக்கி வைக்கலாம். ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியதும் ஒவ்வொரு செல்லுக்கும் கிடைக்கும் தடங்கள் முக்கால் பங்கு கூடிவிட்டன. நம் ஊரில் செல்போன் பரவியதற்குக் கட்டணம் குறைந்ததை எல்லோரும் சொல்வார்கள். இந்தப் பங்கீட்டுக் கணக்கையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம். கட்டணத்தைக் குறைக்க இடம் கொடுத்ததே அதுதான்.

4ஜி வந்ததும் பங்கீடே போய்விட்டது. எல்லா செல்லுக்கும் ஒரே அலைவரிசை. பக்கத்துத் தெருவிலும் அதே ரேடியோ செட், அதே சமயத்தில். இரண்டு டவருக்குச் சரிநடுவே நிற்பவனுக்குக் குரலும் இரைச்சலும் சமம். கணினி மூளைகள் நேரத்தையும் அலைக்கற்றையையும் பொடிப்பொடியாக நறுக்கிச் சமாளிக்கின்றன. ஆனாலும் பௌதிகத்தை ஏமாற்ற முடியாது. முன்பு அலை கொஞ்சம் வழிந்தாலும் மூன்றாவது செல்லுக்குத்தான் தொந்தரவு. இப்போது வழிந்த மறுகணமே பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு.

சமவெளியில் இது இன்னும் மோசம். மலை இருந்தால் மறைக்கும். திருத்தணிப் பக்கம் குன்றுகளாவது உண்டு. கும்மிடிப்பூண்டியில் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை. அப்போது கைகொடுப்பது ஆன்டெனாவின் சாய்வு. டவரில் நீளவாக்கில் தொங்கும் வெள்ளைப் பலகைகளை உற்றுப் பார்த்தால் அவை தலையைக் கொஞ்சம் கவிழ்த்திருப்பது தெரியும். புதியவற்றில் பலகை நேராகவே நிற்க, சாய்வு உள்ளே மின்சுற்றில் நடக்கிறது. 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவின் கற்றை 500 மீட்டரில் தரையைத் தொட வேண்டுமானால் சாய்வு 3.4 டிகிரி. ஒரு டிகிரி குறைந்தால் 700 மீட்டர். இரண்டு டிகிரி குறைந்தால் 1,200. மேலே ஏறியவர் நட்டைக் கொஞ்சம் தளர்வாக முடுக்கியிருந்தால் போதும், ஒரு டவர் அடுத்த ஊரின் வேலையைக் கெடுக்கும். களத்தில் இருப்பவர்கள் இதை ‘ஓவர்ஷூட் அடிக்குது’ என்பார்கள்.

அதைக் கண்டுபிடிக்கும் வழி டிரைவ் டெஸ்ட். காரில் ஒருவர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்; அதில் இரண்டு மூன்று போன்கள் வயரில் தொங்கும்; ஜி.பி.எஸ். இருக்கும். சிப்காட் உட்சாலைகளில் கார் ஊர்ந்து போகும்போது திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள் விழுந்துகொண்டே வரும். இரண்டு வரைபடங்களை அவர் மாறி மாறிப் பார்ப்பார். ஒன்று அலையின் வலிமை. மற்றொன்று அலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். ஒரே திருப்பத்தில் முதல் படம் பச்சையாகவும் இரண்டாவது சிவப்பாகவும் இருந்தால், அங்கே நாலைந்து டவர்கள் ஒன்றை ஒன்று அமுக்கிக் கத்துகின்றன என்று பொருள். ‘டவர் ஃபுல்லா காட்டுது, நெட் மட்டும் வரல’ என்று டீக்கடையில் ஒருவர் அலுத்துக்கொண்டால், அவர் போனில் கோளாறு எதுவும் இல்லை. அவர் சொல்வது இரண்டாவது வரைபடம். போனின் மூலையில் இருக்கும் கோடுகள் காட்டுவது முதலாவதை. அந்தக் கோடுகளை நம்பி டவர் வேண்டும் என்று மனுக் கொடுப்பதும், வேண்டாம் என்று மறியல் செய்வதும் ஒரே அளவுக்குத்தான் விஷயம் தெரிந்து நடப்பவை.

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய தர விதிகள், எந்த இடத்தில் எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்கின்றன. நல்லதுதான். ஆனால் வண்ணமடித்த அந்தப் படம் திறந்த வெளிக்கானது. எத்தனை பேர் அந்த அலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதை அது சொல்லாது.

பழவேற்காட்டுப் பக்கம் போனால் கதை மாறுகிறது. தரையில் மரமும் வீடும் அலையைத் தின்னும். தண்ணீரில் தின்ன ஆளில்லை. 40 மீட்டர் டவரிலிருந்து படகில் நிற்பவரின் தலைமட்டம் வரை, பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால், சுமார் 32 கிலோமீட்டர் வரை அலைக்கு நேர்வழி உண்டு. 2ஜி-யில் இன்னொரு வரம்பும் இருந்தது. அலை போய்வரும் தாமதத்தை போன் சரிசெய்துகொள்ள 63 படிகள்தான் உண்டு. படிக்கு 550 மீட்டர் வீதம் 35 கிலோமீட்டர். அதற்கு அப்பால் அலை கேட்டாலும் பேச முடியாது. இரண்டு எல்லைகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல்தான் என்றாலும், கரையோர மீனவருக்கு அது நல்ல தற்செயல்.

கடலில் அலை நீள வேண்டும் என்று மீனவர் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. கேரளத்தில் 1997-லிருந்து செல்போன் சேவை கடற்கரையை எட்டியபோது மத்திச் சந்தைகளில் ஊருக்கு ஊர் விலை வித்தியாசம் சுருங்கியதையும் மீன் வீணாவது நின்றதையும் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எந்தக் கரையில் என்ன விலை என்று படகிலிருந்தே கேட்டுக்கொள்ள முடிந்ததன் பலன். அதே சமயம் ஏரிக்கு இந்தக் கரையில் இருக்கும் டவர், எதிர்க்கரை ஊரின் போன்களையும் பிடித்திழுக்கும். அந்தப் போன் இங்கிருப்பதைக் கேட்கும், ஆனால் அதன் 0.2 வாட் குரல் இங்கே வந்து சேராது. எதிர்க்கரைக்காரருக்குக் கோடுகள் இருக்கும், அழைப்பு போகாது. ஒரே ஆன்டெனாவைக் கடலுக்கு நிமிர்த்தவும் ஏரிக்குக் கவிழ்க்கவும் வழியில்லை. திசைக்கொன்றாகத் தனிப் பலகை போட்டு, தனிச் சாய்வு வைத்துச் சமாளிப்பார்கள்.

கோடையில் இன்னொரு வேடிக்கை. குளிர்ந்த கடல் காற்றின் மேல் சூடான நிலக்காற்று படியும்போது, இரண்டுக்கும் நடுவில் அலைக்கு ஒரு குழாய் மாதிரி அமைந்துவிடும். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டவர் பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்கும். நூறு கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு ஒரு வினாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. ஒரே அலைவரிசையில் அனுப்புவதும் கேட்பதுமாக மாறி மாறி இயங்கும் இன்றைய 4ஜி, 5ஜி வலைகளில், இங்கிருக்கும் டவர் கேட்க வேண்டிய நேரத்தில் தூரத்து டவரின் பேச்சு இன்னும் வந்துகொண்டிருக்கும். உலகின் கடலோர வலைகள் பலவற்றில் பருவந்தோறும் இந்தத் தொல்லை உண்டு.

இனி கூட்டத்தின் கணக்கு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் நூறாண்டு கழித்தும் உயிரோடு இருக்கிறது. எத்தனை தடம் இருந்தால், நூறு அழைப்பில் இரண்டுக்கு மேல் திருப்பி அனுப்பாமல், எவ்வளவு பேச்சைத் தாங்கலாம் என்று அது சொல்லும். நெரிசல் மணியில் ஒருவர் சராசரியாக ஒன்றரை நிமிடம் பேசுவதாக வையுங்கள். 7 தடமுள்ள ஒரு செல் 117 பேரைத் தாங்கும். 14 தடம் என்றால் இரட்டிப்பாக 234 அல்ல, 328. 30 தடத்துக்கு 876. தடம் நான்கு மடங்குக்குச் சற்று மேல் கூடினால் ஆள் ஏழரை மடங்கு. சின்னச் சின்ன உண்டியல்களைவிட ஒரே பெரிய உண்டியலுக்கு ஆதாயம் அதிகம் என்பதால்தான், அலைக்கற்றை ஏலத்தில் துண்டு துண்டாக வாங்குவதைவிட ஒரே நீளமாக வாங்க நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டுகின்றன.

இந்தச் சூத்திரத்துக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஆட்கள் ஒருவரோடு ஒருவர் பேசிவைத்துக்கொள்ளாமல், தத்தம் இஷ்டத்துக்கு அழைப்பார்கள். தொழிற்பேட்டையில் அது பலிக்காது. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதியதும் ஆலைக் கதவிலிருந்து வெளியே வரும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுக்கிறார்கள். கம்பெனி பஸ் புறப்படுவதற்குள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கால் மணி நேரத்துக்கு அந்த செல்லில் மலை, பிறகு பள்ளம். ஒரு மணி நேரச் சராசரியைப் பார்த்துத் திட்டமிட்டவர் கணக்கு அந்தக் கால் மணியில் கவிழும். சராசரியை அளந்து அபராதம் போடும் ஒழுங்குமுறையிலும் இதே ஓட்டைதான். சராசரிக்குப் பதில், அறுந்த ஒவ்வோர் அழைப்புக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று வரை, என்று டிராய் 2015-ல் போட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம் ரத்து செய்தது. அறுந்ததற்குக் காரணம் நிறுவனத்தின் டவரா, வாடிக்கையாளர் நின்ற இடமா என்று பிரித்துச் சொல்ல முடியாத வரை அப்படிப்பட்ட உத்தரவு எதுவும் நிலைக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரவில் சுமை இடம் மாறுகிறது. கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள். ஒரே அறையில் பலர் தங்கும் வரிசை வீடுகளில், சாப்பிட்டு முடித்ததும் ஊரில் இருக்கும் மனைவி மக்களோடு வீடியோ அழைப்பு. இங்கேதான் நாடெங்கும் பொருந்தும் என்று நினைத்துப் போடும் திட்டம் தடுமாறுகிறது. சினிமாவும் ரீல்ஸும் பார்ப்பவனுக்கு டவரிலிருந்து போனுக்கு வரும் வழி அகலமாக இருந்தால் போதும். அதனால் மாறி மாறி இயங்கும் வலைகளில் நேரத்தின் பெரும்பகுதி இறங்குவழிக்கே ஒதுக்கப்படுகிறது. வீடியோ அழைப்பு இரண்டு பக்கமும் சமமாக ஓடுவது. தன் முகத்தை ஊருக்கு அனுப்ப வேண்டிய தொழிலாளிக்குக் குறுகலான ஏறுவழிதான் மிச்சம். அவர் போன் 0.2 வாட்டுக்கு மேல் கத்தவும் முடியாது. எதிர்முனையில் குழந்தையின் முகம் தெளிவாகத் தெரியும். இவர் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். அலைக்கற்றையை இன்னும் கொட்டுவதைவிட, இரவு நேரத்துக்கு மட்டுமாவது இந்தச் செல்களுக்குத் தனிப் பங்கீடு உண்டா என்று கேட்பது நியாயம். ஆனால் பக்கத்து செல்களெல்லாம் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் ஒன்றை ஒன்று கெடுக்காது. ஒரு செல் மட்டும் தாளத்தை மாற்றினால் சுற்றியிருப்பவை அதன் காதில் கத்தும். அதனால் பதில் பெரும்பாலும் ‘முடியாது’ என்றே வரும். இருக்கும் ஒரே வழி, தாளம் மாறாமல், அந்த வரிசை வீடுகளுக்கு நடுவிலேயே இன்னொரு சின்ன டவரை நட்டு, போன் கத்த வேண்டிய தூரத்தைக் குறைப்பது.

ஆலைக்குள் வேறு பாடு. துத்தநாகம் பூசிய தகடு மேலும் பக்கவாட்டிலும். உள்ளே இரும்புத் தூண், கிரேன், பில்லட் அடுக்குகள். தகட்டை அலை துளைக்காது. கதவு, ஜன்னல், கூரைக்கும் சுவருக்கும் நடுவே காற்றுக்கு விட்ட சந்து, இவற்றின் வழியாக நுழைந்து, உள்ளே பட்டுப் பட்டுத் தெறித்து, நூறில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிர்ஷ்டம். தூண்டல் உலைதான் சிக்னலைக் கெடுக்கிறது என்று ஆலைக்காரர்கள் சொல்வதுண்டு. உலையின் மின்னோட்டம் ஓடும் அதிர்வெண் சில நூறு, சில ஆயிரம் ஹெர்ட்ஸ். போன் பேசுவது பல கோடி ஹெர்ட்ஸில். பழி உலைக்கு வந்தாலும் குற்றம் கூரையினுடையது.

நிர்வாகம் என்ன செய்கிறது? சந்தையில் பூஸ்டர் என்ற பெயரில் ஒரு பெட்டி விற்கிறது. கூரைக்கு மேல் ஓர் ஆன்டெனா, உள்ளே ஓர் ஆன்டெனா, நடுவில் பெருக்கி. மாட்டிய மறுநிமிடம் அலுவலக அறையில் கோடுகள் நிறைகின்றன. மேலாளருக்கு மகிழ்ச்சி. வெளியே என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. வெளியிலிருந்து வருவதை மட்டும் பெருக்குவதோடு அந்தப் பெட்டி நிற்காது; உள்ளிருந்து டவருக்குப் போவதையும் பெருக்குகிறது. யாரும் பேசாத நேரத்திலும் தன் சொந்த இரைச்சலை டவரை நோக்கி ஊதிக்கொண்டே இருக்கும். டவரின் காது மிக நுட்பமானது. 2ஜி-யின் ஒரு தட அகலத்தில் இயற்கையான வெப்ப இரைச்சல் என்பது ஒரு மில்லிவாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த மட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் காதுக்குள் ஒரு பெட்டி விசில் அடித்தால், சுற்று வட்டாரத்தில் செல்லின் ஓரத்தில் இருக்கும் போன்கள் எல்லாம் செவிடாகிப்போன டவரிடம் பேசும். அதாவது, செல் சுருங்கிவிடும். ஓர் ஆலையின் அலுவலக அறைக்காகச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெரு முழுக்கச் சேவை இழக்கிறது. உரிமமில்லாமல் இப்படிப் பெட்டி மாட்டுவதை 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொட்டே அரசு குற்றமாகக் கருதுகிறது. திசைகாட்டும் ஆன்டெனாவோடு வந்து கூரை கூரையாகத் தேடிப் பிடிப்பதும் நடக்கிறது. ஆனாலும் பெட்டி விற்பவரைவிட மாட்டியவரைப் பிடிப்பதே எளிது என்பதால் ஆட்டம் தொடர்கிறது.

முறையான வழிகள் இல்லாமல் இல்லை. ஆலைக்குள் செல்போன் நிறுவனமே சிறு ஆன்டெனாக்களைப் பரப்புவது ஒன்று; செலவைப் பங்கிடுவதில்தான் பேச்சு இழுக்கும். 2019 கடைசியிலிருந்து நம் நாட்டில் வந்துவிட்ட வைஃபை அழைப்பு இன்னொன்று. ஆலையில் ஏற்கெனவே இணையக் கம்பி இருந்தால், காசே ஆகாமல் பாதிப் பிரச்சினை தீரும். ஆச்சரியம் என்னவென்றால், இந்த வசதி தங்கள் போனில் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

எல்லைக்கு வருவோம். திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. மொழியை வைத்து, பஞ்சாயத்துப் பேசி, ஊர் ஊராகப் பிரித்த கோடு அது. முப்பத்தைந்து ஆண்டு கழித்துத் தொலைத்தொடர்பு உரிமங்களை மாநில வட்டங்களாக வழங்கியபோது, அதே கோடு அலைக்கும் எல்லையாகிவிட்டது. மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு கோடும் இருந்தது. சென்னை மாநகர உரிமத்தின் வடக்கு விளிம்பு மீஞ்சூர் தொலைபேசி நிலையம். அதற்கு அப்பால் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் தமிழ்நாடு வட்டம். சென்னைப் புறநகர் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வரும் ஒருவர், ஒரே டிக்கெட்டில் இரண்டு உரிம வட்டங்களைக் கடந்தார். 2005-ல் சென்னையும் தமிழ்நாடும் இணைக்கப்பட்டதும் அந்தக் கோடு அழிந்தது. வடக்குக் கோடு அப்படியே இருக்கிறது.

அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் ஒரே நிறுவனமே இருந்தாலும், வட்டத்துக்கு வட்டம் நெட்வொர்க் எண் வேறு. போனைப் பொறுத்தவரை அது வேறு வீடு. ஆந்திர டவரின் அலை ஆரம்பாக்கத்தில் கொஞ்சம் உரக்கக் கேட்டால் போன் அதில் ஏறிக்கொள்ளும். ஏறியபின் லேசில் இறங்காது. தாய் வலை திரும்பக் கிடைக்கிறதா என்று அது தேடிப் பார்க்கும் இடைவெளி சிம்மில் எழுதப்பட்டிருக்கிறது. 6 நிமிடத்தில் தொடங்கி, ஆறின் மடங்குகளாக 8 மணி நேரம் வரை வைக்கலாம். ரோமிங்குக்குக் காசு பிடித்த காலத்தில் இது வெறும் வேடிக்கையாக இருக்கவில்லை. சொந்த ஊரில் இருந்தபடியே வெளிமாநிலக் கட்டணம் அழுதார்கள். 2015 மே மாதம் டிராய் உச்சவரம்பைக் குறைத்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் நிறுவனங்களும் தாமாகவே கட்டணத்தைக் கைவிட்டதால் எரிச்சல் அடங்கியது. வடிவமைப்பாளரின் சிக்கல் அடங்கவில்லை. ஏலம் வட்டவாரியாக நடப்பதால், இந்தப் பக்கம் ஒரு நிறுவனம் வைத்திருக்கும் அலைத்துண்டு அந்தப் பக்கம் வேறொருவர் கையில் இருக்கலாம். அப்போது எல்லையோர டவர்கள் இரண்டும் ஒன்றின் இரைச்சல் மற்றொன்று. பேசித் தீர்த்து, சக்தியைக் குறைத்து, பலகையை உள்நோக்கித் திருப்பினால், நடுவில் இரண்டு பேருக்கும் இல்லாத பாழ்நிலம் உருவாகும். அந்தப் பாழ்நிலத்தில்தான் சிலருடைய வீடு இருக்கிறது.

ரயில் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. அழைப்பு வந்தால் ஒரு போனை எங்கே தேடுவது என்பதற்காக, வலை தன் டவர்களைப் பேட்டை பேட்டையாகத் தொகுத்து வைத்திருக்கிறது. பேட்டை மாறியதும் போன் சும்மா இருந்தாலும் ‘வந்துவிட்டேன்’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். பேட்டையைப் பெரிதாக்கினால் தேடும் செலவு கூடும். சிறிதாக்கினால் பதிவுகள் குவியும். ஆள் அதிகம் கடக்காத இடமாகப் பார்த்து எல்லை போடு என்பதே இந்தத் தொழிலின் பாலபாடம். ஆனால் இங்கே எல்லையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வடிவமைப்பாளருக்கு இல்லை. சென்னையிலிருந்து விஜயவாடா வழியாக வடக்கே போகும் வண்டிகள் அத்தனையும் ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் கோட்டைக் கடக்கின்றன. வண்டிக்கு ஆயிரத்துக்கு மேல் பயணிகள். சில நொடிகளில் அத்தனை போன்களும் பதிவுக்கு நெருக்கியடிக்கும். அந்தச் சமயத்தில் கிராமத்தில் ஒருவர் 108-க்கு அழைத்தால் அவரும் அதே வரிசையில்தான். மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் வண்டி நொடிக்கு 30 மீட்டர் போகிறது. அழைப்பைக் கைமாற்ற ஐந்து நொடி வேண்டும் என்றால், இரண்டு செல்களும் 150 மீட்டராவது ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிக்குள் அலை இன்னும் தேய்வதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நிறுத்தவும் வேண்டும், கொஞ்சம் வழியவும் விட வேண்டும்; எத்தனை மீட்டர் என்பதில்தான் கைநேர்த்தி.

மண்ணுக்கடியில் போகும் கம்பியைப் பற்றி நான்கு வரி. செல்போன் வலை முழுவதும் கம்பியில்லாதது அல்ல. டவருக்குப் பின்னால் நேராகவோ சற்றுத் தள்ளியோ கண்ணாடி இழை தொடங்கிவிடும். எண்ணூர்-தச்சூர் சாலைப் பணி, நெடுஞ்சாலை மேம்பாடு, குடிநீர்க் குழாய் என்று ஜே.சி.பி. ஓயாத இந்த வட்டாரத்தில் ஒரு வாளி மண் அள்ளினால் பத்து டவர் படுக்கும். தோண்டுமுன் கேட்டுக்கொள்ள 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியே வெளியிட்டது. கேட்டுவிட்டுத் தோண்டும் ஒப்பந்தக்காரரைப் பார்த்தால் மாலை போடலாம். மின்சாரம் போனால் 48 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் டீசல். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது அலை ஓய்ந்ததற்கு, விழுந்த டவர்களைவிடப் பல மடங்கு பெரிய காரணம் மின்சாரமும் இழையும்.

டவர் என்றால் கதிர்வீச்சு என்ற அச்சம் எல்லா ஊரிலும் உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா தன் வரம்பை உலக வரம்பின் பத்தில் ஒரு பங்காக்கியது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 ஆனது. இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம்: டவர் தள்ளிப் போகப் போக, காதோரம் இருக்கும் போன் கூடுதல் சக்தியில் கத்தும். 2ஜி போன் 900-ல் இரண்டு வாட் வரை போகும். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. தெருவிலிருந்து டவரை விரட்டியவர்கள் அதைத் தலையோரம் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள்.

2022 அக்டோபர் 1-ல் 5ஜி வந்தபோது அலைவரிசைகள் மேலே ஏறின. 900-க்கும் 3,500-க்கும் ஒரே தூரத்தில் 12 டெசிபல், அதாவது 15 மடங்கு வித்தியாசம். எட்டாத அலை என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நிறுத்துவதுதான் கஷ்டம் என்று இவ்வளவு நேரம் பார்த்த பிறகு, தானாகவே நின்றுவிடும் அலை ஒரு வரம் என்றும் சொல்லலாம். அதே 2022 ஏலத்தில் அதானி குழுமம் 26,000 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், தமிழ்நாடு உட்பட ஆறு வட்டங்களில், மொத்தம் 400 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை வாங்கியது. தன் துறைமுகங்களுக்கும் விமான நிலையங்களுக்கும் சொந்த வலை அமைக்கப் போவதாகச் சொன்னது. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே கட்டுப்பள்ளித் துறைமுகம் அந்தக் குழுமத்தினுடையது. சுவரைத் தாண்டாத அலை, மதிலுக்குள் தனக்கென ஒரு வலை. காகிதத்தில் அழகான பொருத்தம். 2025 ஏப்ரலில் அந்த 400 மெகாஹெர்ட்ஸையும் ஏர்டெல் எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தமானது. துறைமுக அளவுக்குப் பணமும் நிலமும் உள்ளவரே சொந்த அலையை வைத்திருந்து விற்றுவிட்டார் என்றால், பத்து ஏக்கரில் இரும்பு உருக்குபவருக்கு இருக்கும் வழி, பொது வலையில் ஒரு துண்டைத் தனக்கென ஒதுக்கித் தரும்படி நிறுவனத்திடம் பேரம் பேசுவதுதான். 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட தனியார் வலை நெறிமுறைகள் அதற்கு இடம் தருகின்றன. சிப்காட் ஆலைகள் கூட்டாகச் சேர்ந்து கேட்டால் விலை படியும். தனித்தனியாகப் போனால் மறுபடி பூஸ்டர் பெட்டிதான்.